கெப்ஸ் சொல்லும் நேரம்

வெள்ளவத்தைக் கடற்காற்றில் சீட்டுக்கட்டு அப்பளம்போல நமுத்துவிடும் என்பதால், ஞாயிறு பின்னேரங்களில் எங்கள் வீட்டு மேசையிலிருந்து முதலில் எழுவது குழந்தைப் பவுடரின் வாசனைதான். அப்பா ஒவ்வொரு சீட்டாகப் பவுடர் தடவித் துடைத்து, "இப்ப வழுக்கும்" என்று திருப்தியோடு சொல்லிக் கலைக்கத் தொடங்குவார். அப்பா, அம்மா, எங்களோடு இருந்த அம்மாவின் அக்காவான பெரியம்மா, காலைப் பூசை கண்டு மத்தியானச் சாப்பாடும் முடித்துக் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸேறி வருகிற அன்ரன் அங்கிள் ஆகிய நால்வரும் எதிரெதிரே சோடியாக அமர்ந்து "முந்நூற்றி நாலு" விளையாடுவார்கள். யாழ்ப்பாணத்தார் இரண்டு பேர் சந்தித்தால் ஊர்க்கதை, நாலு பேர் சந்தித்தால் சீட்டு. அங்கிள் யாழ்ப்பாணத்தார் அல்ல. அப்பாவோடு துறைமுகத்தில் வேலை பார்த்த பாவத்துக்காக இந்த ஆட்டத்தைப் பழகிக்கொண்டவர்.

பன்னிரண்டு வயதுக்காரியான நான் அலுமாரியோரம் ஒரு ஸ்டூலில் வாயைப் பொத்திக்கொண்டு இருப்பேன். அது அம்மா போட்ட சட்டம். என் கையில் கொடுத்த கோப்பை சிந்தும், கட்டிய சப்பாத்து நாடா பத்தடிக்குள் அவிழும். அதையெல்லாம் வீட்டார் பொறுத்துக்கொண்டார்கள். பொறுக்க முடியாதது என் வாய்தான். ஒருவர் பேச்சின் நடுவே மூச்சு வாங்குவதும் பேச்சை முடித்துவிட்டு நிறுத்துவதும் எனக்கு ஒரேமாதிரித்தான் கேட்டன. முந்திப் பேசினால் "முந்திரிக்கொட்டை" என்றார்கள். சரி, பொறுத்துப் பேசுவோம் என்று காத்திருந்து சொன்னால், "பஸ் போனாப் பிறகு கை காட்டுறாள்" என்று பெரியம்மா சிரிப்பார். கதைக்க முதல் மற்றவையின்ர முகத்தைப் பார் என்பது அம்மாவின் புத்திமதி. நானும் பார்த்தேன். மூக்கும் முழியும் தெரிந்தனவே தவிர, எப்போது பேசலாம் என்பது ஒருபோதும் தெரியவில்லை.

ஒருமுறை லண்டனிலிருந்து உறவினர் வந்தபோது, பக்கத்து வீட்டுப் பூனை வாளிக்குள் விழுந்த கதையைச் சொல்ல நான் அரைமணி நேரம் இடம் தேடிக்கொண்டிருந்தேன். கடைசியில் எல்லோரும் ஒன்றாக மௌனமானார்கள். அப்பாடா என்று பூனைக் கதையை முழுவதுமாக, மியாவ் சத்தத்தோடு சொல்லி முடித்தேன். அந்த மௌனம் அவர்களுடைய தம்பியார் இறந்ததைச் சொன்னதால் வந்தது என்பது என் மண்டையில் ஏறவேயில்லை. அன்றிலிருந்து விருந்தாளி வந்தால் நான் அறைக்குள். கதவுக்குப் பின்னால் இருந்து மற்றவர்களின் சிரிப்பைக் கேட்பதைப் போல ஒரு கொடுமை அந்த வயதில் வேறில்லை. தலையணையில் முகம் புதைத்து அழுதிருக்கிறேன்.

ஒரு ஞாயிறு, சுகமில்லாத சிநேகிதியைப் பார்க்க அம்மா நுகேகொடைக்குப் போய்விட்டார். பவுடர் போட்டாயிற்று, ஆள் மூன்றுதான். அன்ரன் அங்கிள் என் பக்கம் திரும்பி, "பிள்ளை நம்ம பக்கம் இருக்கட்டும்" என்றார். பெரியம்மா முகத்தைச் சுளித்தார். ஆனால் ஆட்டமில்லாத ஞாயிறைவிட நான் இருக்கிற ஆட்டம் மேல் என்று நினைத்திருக்க வேண்டும், கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

சீட்டை விசிறிபோலப் பிடிக்க என் விரல்கள் ஒத்துழைக்கவில்லை. இரண்டு தரம் கொட்டினேன். பிறகு பள்ளிக்கூடப் புத்தகம் ஒன்றை நிமிர்த்தி வைத்து, அதன் மறைவில் சீட்டுகளைப் பரப்பினேன். இத்தனை புள்ளி எடுப்போம் என்று ஏலம் கேட்பதற்குத்தான் "கேள்வி" என்று பெயர். அப்பாதான் முதலில் கேள்வி கேட்டார், அடுத்து நான். என் முறை வந்ததும் அந்த மூன்று பெரியவர்களும் வாயை மூடி என்னைப் பார்த்தார்கள். நான் எவ்வளவு யோசித்தாலும் என் இடத்தில் வேறு யாரும் பேசமுடியாது! எனக்குச் சிரிப்பு வந்தது. வேண்டுமென்றே கொஞ்சம் தாமதித்துத்தான் கேட்டேன்.

அந்த ஆட்டத்தில் ஒரு பொல்லாத விதி உண்டு. எட்டுச் சுற்றுச் சீட்டும், அதாவது எட்டுப் பிடியும், தன் சோடிக்குத்தான் என்று உறுதியாகத் தெரிந்தவர் அந்தக் கணமே "கெப்ஸ்" சொல்லவேண்டும். உறுதியில்லாமல் முந்திச் சொன்னாலும் தோல்வி, தெரிந்தும் பிந்திச் சொன்னாலும் தோல்வி. வீடு முழுக்க எனக்குத் திட்டு வாங்கித் தந்த இரண்டு குற்றங்களும் அங்கே சட்டமாகவே இருந்தன.

மூன்றாவது ஆட்டத்தில் முதல் ஐந்து பிடிகளும் எங்களுக்கு வந்தன. என் புத்தகத்தின் பின்னால் மூன்று சீட்டுகள். அடுத்து இறக்க வேண்டியதும் நான்தான். எட்டுத் துரும்பில் ஆறு விழுந்துவிட்டது, மிச்சம் இரண்டும் என்னிடம். மூன்றாவது டைமன் ஜெக். அந்த ஆட்டத்தில் ஜெக்குக்கு மேல் சீட்டில்லை. யாருடைய முகத்தையும் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

"கெப்ஸ்" என்றேன்.

அப்பா தலையில் கை வைத்தார். அன்ரன் அங்கிளே கலங்கிப்போனார். "முந்திரிக்கொட்டை" என்று சொல்லிக்கொண்டே பெரியம்மா கையை நீட்ட, நான் மூன்று சீட்டையும் வைத்தேன். அவர் விழுந்த பிடிகளையெல்லாம் புரட்டி, துரும்புகளை ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு இன்னொருமுறை எண்ணினார்.

"சரியான நேரத்திலதான் சொன்னவள்," என்றார்.

அப்படி ஒரு வசனத்தை என்னைப்பற்றி அதுவரை எவரும் சொன்னதில்லை. விதிப்படி தோற்ற சோடி பால் விடாத பிளேன்ரீ போடவேண்டும். பெரியம்மா முணுமுணுக்காமல் எழுந்து குசினிக்குப் போனார். பொழுதுபட அம்மா வந்து செருப்பைக் கழற்றும்போதே, "இனி இவளை அறைக்குள்ள விடாத. இவளுக்கும் ஒரு முறை குடுத்தாக் கதைப்பாள்," என்று பெரியம்மா சொல்லிவிட்டார். சொன்னதோடு நிற்கவில்லை. அடுத்த விருந்தாளிகள் வந்தபோது, பேச்சு உச்சத்தில் இருக்கையில் கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தி, "பொறுங்கோ, இப்ப இவளின்ர கேள்வி," என்றார். விருந்தாளிகள் விழித்தார்கள். நான் பேசினேன். அப்பப்பா, என்ன பேச்சு!

டிஸ்பிராக்ஸியா என்ற பெயரை முப்பது வயதில்தான் ஒரு வைத்தியர் சொன்னார். கைகால் அசைவைப்போலவே, பேச்சில் புகும் நேரத்தைப் பிடிப்பதும் சிலருக்கு இதனால் சிரமமாகுமாம். எங்கள் பழைய மாடிவீட்டை இடித்து இப்போது பதினான்கு மாடி கட்டிவிட்டார்கள். அன்ரன் அங்கிள் இல்லை. ஞாயிறுகளில் யாரும் யார் வீட்டுக்கும் சும்மா வருவதில்லை. பெரியம்மா கனடாவில், காது மந்தம். வீடியோ அழைப்பில் பத்துப்பேர் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள், கையை உயர்த்தி நிறுத்த ஆளில்லை.

போன கிழமையும் அப்படித்தான். அந்த நாட்களில் தொட்டிலில் கிடந்த என் தங்கை, பிள்ளை உண்டாகியிருப்பதைச் சொல்ல வாயெடுத்த நேரம், நான் கறிவேப்பிலை விலையைப்பற்றித் தொடங்கிவிட்டேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சிரித்துவிட்டு, எழுந்து அறைக்குள் போகாமல், அந்த இடத்திலேயே இருந்தேன்.