அரக்குச் சொட்டிய லாரி

சித்தப்பா பழைய லாரி வாங்கியபோது எங்கள் வீட்டில் அதைச் சந்தேகப்படாதவர் அவர் ஒருவர்தான்.

அப்பா அதை ஒருமுறை சுற்றிவந்து, ஆறு சக்கரத்துக்கும் ஆறு விதமான டயர் மாட்டியிருப்பதைக் கண்டுபிடித்தார். இவ்வளவு நல்ல வண்டியை ஏன் விற்கிறீர்கள் என்று விற்றவரிடமே கேட்டார். முன் கண்ணாடிக்கு மேல் பழைய சொந்தக்காரர் எழுதிவைத்த சாமி பெயர் பாதி அழிந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு அம்மா, சாமியே இறங்கிப் போய்விட்ட வண்டி என்றாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. எண்ணிப் பார்க்காமல் எதையும் நம்புவதில்லை. இன்றும் மாத்திரை அட்டைகளை மருந்துக் கடையில் நின்றே எண்ணுகிறேன். கடைப்பையன் சிரிப்பதைப் பொருட்படுத்துவதில்லை. அன்று சக்கர நட்டுகளை எண்ணினேன். பின்சக்கரம் ஒன்றில் ஒன்று குறைந்தது. சொன்னேன். சித்தப்பா என்னைத் தூக்கி ஓட்டுகிற இருக்கையில் உட்காரவைத்து ஹாரனை அழுத்தச் சொன்னார். என் புகார் அத்தோடு முடிந்தது.

ஏனாத்தூர்ப் பக்கம் எங்களுக்கிருந்த நிலத்தில் தன் பங்கை விற்று வாங்கிய லாரி அது. அதுவரை அவர் பிறர் வண்டியை ஓட்டியவர். "இனிமே முதலாளியும் நான்தான், டிரைவரும் நான்தான், கிளீனரும் நான்தான். ஒருத்தன் மேல ஒருத்தன் புகார் சொல்ல முடியாது பாரு" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். கூரம் பக்கத்து ஊர்களிலிருந்து நெல் மூட்டை ஏற்றிவர ஒரு ரைஸ் மில்லில் வாடிக்கையும் கிடைத்தது. அந்த ஒரு வாடிக்கையை நம்பித்தான் லாரி. லாரியை நம்பித்தான் சித்தப்பா.

மார்கழி பிறந்ததும் வண்டி தன் குணத்தைக் காட்டியது. விற்றவர் அதைச் சித்திரை வெயிலில் ஓட்டிக் காட்டியிருந்தார். பனிக்காலத்தில் அது கிளம்பாது என்று யாருக்குத் தெரியும்? சித்தப்பா முன்னால் ஹேண்டிலைச் செருகிச் சுற்றுவார். லாரி இருமும், பிறகு அடங்கிவிடும். தெருக்காரர்கள் தள்ளிப் பார்த்தார்கள். சில நாள் தள்ளியவர்கள் பிறகு அவர் தலையைக் கண்டாலே கதவைச் சாத்திக்கொண்டார்கள். மில் மேஸ்திரி வந்து, இன்னொரு தடவை நேரம் தப்பினால் வேறு வண்டி பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரத்தில் ஒரு விடியற்காலை, லாரி ஒரே சுற்றில் கிளம்பியது. மறுநாளும் கிளம்பியது. என்ன செய்தாய் என்று அப்பா கேட்டதற்கு, "வண்டிக்கு என் கை பழகிடுச்சி" என்றார் சித்தப்பா. அப்பா நம்பினாரோ இல்லையோ, நான் நம்பவில்லை.

அந்த வாரத்தில்தான் லாரி சிவப்பாகச் சொட்டத் தொடங்கியது. முன்பக்கம், எஞ்சினுக்குக் கீழே, புழுதியில் அரக்குச் சிவப்பில் ஒரு சிறு குட்டை. முதல் நாள் யாரோ கோழி அறுத்தார்கள் என்று நினைத்தோம். அடுத்தடுத்த நாளும் அதே இடத்தில் இருந்தது. லாரி கூரம் சாலையில் யாரையோ அடித்துவிட்டது, பழைய சொந்தக்காரர் காலத்திலேயே காவு வாங்கிய வண்டி என்றெல்லாம் தெருவில் பேச்சு எழுந்தது. அம்மா ஓர் எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தடியில் வைத்தாள்.

நான் விசாரணையில் இறங்கினேன். பள்ளிக்கூடச் சட்டையோடு லாரிக்கு அடியில் ஊர்ந்துபோய், ரோமமோ தோலோ ஒட்டியிருக்கிறதா என்று தேடினேன். ஒன்றுமில்லை. மார்பில் விழுந்த நாலு சொட்டுக்காக அம்மாவிடம் அடி வாங்கியதுதான் மிச்சம். ஆனால் அந்தச் சட்டைதான் எனக்குத் துப்புக் கொடுத்தது. மூக்கில் இரத்தம் வந்து நான் கெடுத்த சட்டைகளில் கறை ஒரே நாளில் பழுப்பாகிவிடும். இது துவைத்தபின்னும் அப்படியே பளிச்சென்று இருந்தது. அந்த நிறத்தை நான் வேறோர் இடத்தில் பார்த்திருக்கிறேன். பட்டுக்குச் சாயம் போடுகிற ஒருவரின் வீடு அடுத்த தெருவில் இருந்தது. அந்த வீட்டுக் கால்வாய் அன்றன்று அண்டாவில் பட்டை முக்கியெடுத்த நிறத்தில்தான் ஓடும். தை முகூர்த்தம் நெருங்கியதால் அப்போது எல்லாமே அரக்கு.

மறுநாள் விடியற்காலை சித்தப்பா ஒரு பக்கெட்டோடு கிளம்பியபோது பின்னாலேயே போனேன். சாயக்காரர் வீட்டுப் பின்வாசல் கொஞ்சம் திறந்தது. அந்த வீட்டு அக்கா ஆவி பறக்கும் சாயத் தண்ணீரைச் செம்பு செம்பாக மொண்டு ஊற்றினாள். விடியுமுன் முதல் முக்கு முடித்த அண்டாவின் மிச்சம். எப்படியும் கால்வாயில் கொட்டப்போவது. நல்ல வெந்நீர் என்றால் விறகுக் கணக்கில் தெரிந்துவிடும், இதை யார் அளக்கப்போகிறார்கள்? அதைக் கொண்டுவந்து ஒழுகுகிற ரேடியேட்டரில் ஊற்றித்தான் சித்தப்பா எஞ்சினைச் சூடாக்கிக் கிளப்பினார். எல்லாம் புரிந்தது. ஒன்று மட்டும் உறுத்தியது. ஒரு பக்கெட் நிரம்ப அவ்வளவு நேரம் ஏன் ஆகிறது? செம்பு சிறியதாக இருக்கவேண்டும் என்று முடிவு செய்தேன்.

அந்த வீட்டார் நெசவுக்குடி. நாங்கள் ஏர் பிடித்தவர்கள். இரண்டு தெருவுக்கும் இடையே பண்டிகைப் பலகாரம் போகும், வரும். அதற்கு மேல் எதுவும் போகாது, வராது.

பொங்கலுக்குச் சில நாள் முன்னால் கூரத்திலிருந்து ஆட்கள் வந்து லாரியைச் சூழ்ந்துகொண்டார்கள். முந்தின மாலை ஒரு கன்றுக்குட்டியை ஏதோ வண்டி அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. சாலையில் அங்கங்கே சிவப்பாகச் சொட்டியிருந்ததைப் பிடித்துக்கொண்டே எங்கள் வாசல்வரை வந்துவிட்டார்கள். வண்டிக்காக வந்த மில் மேஸ்திரியும் அங்கேயே நின்றார்.

"கன்னுக்குட்டிய அடிச்சிட்டு நிக்காம வந்துட்டியே, மனுசனாபா நீ?" என்றார் அவர்களில் பெரியவர்.

"நான் அடிக்கலபா."

"அடிக்காமதான் ரத்தம் ஊத்துதா? அப்ப இன்னா அது, நீயே சொல்லு."

சித்தப்பா தரையைப் பார்த்தார். பிறகு தெருக்கோடியைப் பார்த்தார். "சொல்லித் தொலையேன்டா" என்றார் அப்பா. மேஸ்திரி தன் பங்குக்கு, கொலைகார வண்டியில் முதலாளி நெல் ஏற்றமாட்டார் என்றார். சித்தப்பா கையைக் கூப்பி, "சரிபா. நான்தான் அடிச்சேன். கன்னுக்கு உண்டானத குடுத்துடறேன், வுட்டுடுங்க" என்றார்.

என்னால் தாங்கமுடியவில்லை. கையில் சாட்சி இருக்கும்போது ஒருவர் செய்யாததை ஒப்புக்கொள்வதா? கூட்டத்துக்குள் நுழைந்தேன்.

"அது ரத்தம் இல்ல. அரக்குச் சாயம். சாயக்காரர் வூட்டுப் பின்வாசல்ல தெனம் விடிகாலைல அந்த அக்காதான் சித்தப்பாவுக்கு ஊத்தித் தருது. நான் பாத்தேன். ரொம்ப நேரம் ஊத்தும்."

பெரியவர் குனிந்து விரலைத் தோய்த்து முகர்ந்தார். துண்டில் துடைத்துப் பார்த்தார். "சாயந்தான்" என்றார். யாரோ பின்னாலிருந்து, "நல்ல வேள, வண்டிக்குச் சூடு ஏறினா சரி" என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை. அவர் என்னையும் சித்தப்பாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நம்ம கன்னு இங்க இல்லபா. வாங்க போலாம்" என்று தன் ஆட்களை அழைத்துக்கொண்டு நடந்தார். மேஸ்திரி மூட்டை ஏற்ற நேரமாகிறது என்றார்.

லாரியின் மேலிருந்த பழி போயிற்று. வாடிக்கையும் கைவிட்டுப் போகவில்லை. யாராவது என் முதுகில் தட்டுவார்கள் என்று காத்திருந்தேன். அப்பா உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, என்னைக் கடந்து அடுத்த தெருவுக்குப் போனார். அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

மறுநாள் முதல் அம்மாவே முன்னேரம் எழுந்து லாரிக்கு வெந்நீர் வைத்தாள். லாரி அதற்கும் கிளம்பியது. வெறும் தண்ணீர் சொட்டியது. தை பிறந்ததும் சாயக்காரர் வீட்டு அக்காவை ஆரணிப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். எங்களை அழைக்கவில்லை. கல்யாணச் சாப்பாடு போயிற்றே என்று எனக்கு மிகுந்த வருத்தம்.

அந்த மாதத்திலேயே சித்தப்பா ரேடியேட்டரைக் கழற்றிக் கொண்டுபோய் ஓட்டையை ஈயம் வைத்து அடைத்து வந்தார். திரும்ப மாட்டும்போது நான் போல்ட்டுகளை எடுத்துக் கொடுத்தேன். தலையை வண்டிக்குள் விட்டிருந்தவர், யாரிடமோ பேசுவதுபோல், "ரத்தம்னே வுட்டுருக்கலாம்பா நீ" என்றார்.

"அடிக்காத கன்னுக்கு நாம ஏன் சித்தப்பா குடுக்கணும்?" என்று கேட்டேன்.

அவர் கையைப் பின்னால் நீட்டி, இன்னும் எத்தனை இருக்கிறது பார் என்றார். எண்ணினேன். இருக்கவேண்டியது அத்தனையும் இருந்தது. ஒன்றுகூடக் குறையவில்லை என்று பெருமையாகச் சொன்னேன்.