பாதியில் நின்ற அடி

ஞானபாக்கியம் மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு மேடை ஏறினாலே போதும், நாடகம் தொடங்கும் முன்பே சனம் சிரிக்கும். கோமாளி வேடம் கட்டும் சின்னச்சாமி அதற்கு மேலும் எண்ணெய் ஊற்றுவான்.

"மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடின்னு கேள்விப்பட்டிருப்பீக. இதுக்கு மூணாவதா ஒரு இடி. பொம்பளை கையால வாங்குது பாருங்க, அந்த வெக்கம்."

அவள் பதில் மிருதங்கத்தில் வரும். அவன் ஒரு கால் எடுத்து வைத்தால் ஒரு தட்டு, தும்மினால் ஒரு தட்டு, வேட்டியை இழுத்து விட்டால் ஒரு உருட்டு என்று கூடவே விடுவாள். கொஞ்ச நேரத்தில் அவனால் அடி பார்க்காமல் நடக்க முடியாது. சனம் அவனைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பிக்கும்.

தேனி பஜாரில் மிளகாய் வற்றலும் புளியும் விற்ற ஜேசுராஜின் மகள் அவள். வேதக்கோயிலில் நடக்கும் கதாகாலட்சேபத்துக்குச் சிறு வயதிலிருந்தே வாசித்து வந்தாள். அதில் அப்பாவுக்குப் பெருமைதான். நாடக மேடை என்று அவள் வாய் திறந்த அன்று பெருமை போய்விட்டது.

"கோயில்ல வாசிச்சா ஊழியம். கொட்டகையில வாசிச்சா அது வேற. அங்கன போறவ இங்கன வரக்கூடாது" என்றார்.

அவள் போனாள். அதன்பின் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பஞ்சு மில்லுக்குப் பின்னால் நாடகக்காரப் பெண்கள் இருவரோடு ஓர் அறையில் தங்கினாள். போன பிறகுதான் ஒன்று தெரிந்தது. நாடக ஏஜெண்டு வைகுண்டராஜ், மிருதங்கக்காரர் சுருளியாண்டிக்குக் குளிர்காய்ச்சல் வரும் நாட்களில் மட்டுமே அவளைக் கூப்பிடுவார். நோட்டீசில் எப்போதும் சுருளியாண்டியின் பெயர். கேட்கும் சனமோ, வந்தவள் யாரென்று தெரியாமலே கலைந்து போகும்.

ஐரோப்பாவில் சண்டை மூளுவதற்கு முந்தின பங்குனியில் சுருளியாண்டி படுத்த படுக்கையாகிவிட்டார். வைகுண்டராஜ் அவளைக் கூப்பிட்டார்.

"பண்ணைப்புரத்துக்கு மேற்க, மலையடிவாரத்துல ஒரு ஊரு. சாமி கும்பிட்டு முடிஞ்ச அன்னைக்கு நாடகம். விடியுற வரைக்கும் சனம் எந்திரிச்சுப் போகாம நீ நிப்பாட்டிட்டேன்னா, சித்திரை முழுக்க நோட்டீசுல உன் பேருதான்."

"பேச்சு மாற மாட்டீங்களே, அண்ணாச்சி?"

"சோறு திங்கிற வாயி, மாறாது."

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. கோயில் முன் உறுமி வாசித்துக்கொண்டிருந்தான் கருத்தக்கண்ணன். வளைந்த குச்சி தோலில் தேய, மலைக்குள்ளிருந்து ஏதோ முனகுவதுபோல இருந்தது. அந்த அடிக்கு அவன் மனைவி மொக்கம்மாளின் மேல் சாமி இறங்கியிருந்தது. தலைவிரி கோலமாக ஆடினாள். ஞானபாக்கியம் கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள். அவளுக்கு ஆட்டம் கண்ணில் படவில்லை. ஏழில் தொடங்கி, ஓர் இடத்தில் தடுக்கி, ஐந்தில் விழுந்து எழுந்த அந்த அடியை மட்டும் விரல்கள் தொடையில் எண்ணிக்கொண்டிருந்தன. முழுதாகப் பிடிபடும் முன் வைகுண்டராஜ் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார்.

சாப்பிட்டுக் கை கழுவும்போது மொக்கம்மாளே செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். குரல் கம்மியிருந்தது. முகத்தில் மஞ்சள் காய்ந்து வெடித்திருந்தது.

"நீதான் கொட்டப்போறியா, ஆத்தா? பொம்பளையா?"

"ஆமாக்கா. உங்க வீட்டுக்காரரு உறுமி மறுபடி வாசிப்பாகளா? எனக்கு இன்னொரு தரம் கேக்கணும்."

"சாமி மலையேறிருச்சு. இனி அடுத்த பங்குனிக்குத்தான். அதுவரைக்கும் உறுமியை யாரும் எடுக்க மாட்டாக. வாரைத் தளர்த்தி உள்ள தொங்க விட்டாச்சு." பிறகு ஞானபாக்கியத்தின் கையைப் பிடித்து விரல்களைப் பார்த்தாள். "எம்புட்டுக் காப்புக் காய்ச்சிருக்கு. களை வெட்டுற எங்கையி தேவலை."

இரண்டு பேரும் சிரித்தார்கள்.

நாடகம் நன்றாகத்தான் போனது. கிழக்கு வெளுக்கும் நேரத்தில்தான் சனம் சாயத் தொடங்கியது. பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு நாலைந்து பேர் எழுந்தார்கள். திரைக்குப் பக்கத்திலிருந்து வைகுண்டராஜ் அவளைப் பார்த்துக் கையை ஆட்டினார். சின்னச்சாமியும் விடவில்லை.

"ஊரு படுத்துருச்சு. அக்கா மத்தளமும் படுத்துருச்சு போல."

சித்திரை மாதம் முழுவதும் அவள் கண்முன் வந்து நின்றது. இடக்கையின் அடிப்பாகத்தால் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்துத் தோலை அழுத்தித் தேய்த்தாள். மிருதங்கம் உறுமியது. வலக்கையில் அந்த ஏழு வந்தது, தடுக்கியது, ஐந்தில் விழுந்து எழுந்தது. எடுக்கக் கூடாதது உறுமி, இது மிருதங்கம்தானே என்றுதான் நினைத்தாள். அந்த ஊருக்கு வாத்தியம் வெறும் தோல், கூப்பிடுவது அடி என்பதை அவள் அறியவில்லை.

எழுந்து போனவர்கள் திரும்பி நின்றார்கள். படுத்தவர்கள் உட்கார்ந்தார்கள். அப்படி ஒரு வாசிப்பு அவளிடமிருந்து அதற்கு முன் வந்ததில்லை. யாரோ "நிப்பாட்டு, நிப்பாட்டு" என்று கத்தியதை அவள் ஆரவாரம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் வேகம் கூட்டினாள். பெண்கள் பக்கத்தில் மொக்கம்மாள் எழுந்து நின்றது தெரிந்தது. கூந்தல் தானாக அவிழ்ந்து விழுந்தது. அதற்குள் ஆர்மோனியக்காரர் பாய்ந்து மிருதங்கத்தின் மேல் கையை வைத்து அமுக்கிவிட்டார்.

அடி நின்றது. மொக்கம்மாள் நிற்கவில்லை. மலையைப் பார்த்து ஓடினாள். கருத்தக்கண்ணன் அவள் பின்னால் போகாமல் கோயிலுக்குள் ஓடி, தொங்கிய உறுமியை எடுத்து வாரை இழுத்துக் கட்டினான். தளர்ந்த தோல் பேச மறுத்தது. அவன் கட்டி முடித்து முதல் அடி விழுந்தபோது, சோளக்காட்டுக்கு நடுவிலிருந்து ஆட்கள் கூவினார்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத, மாடு பூட்டி இறைக்கும் கமலைக் கிணறு. கமலை வடத்தில்தான் அவளை மேலே ஏற்றினார்கள்.

ஞானபாக்கியத்தை யாரும் அடிக்கவில்லை. பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கருத்தக்கண்ணன் தலையைத் தூக்கிக் கேட்டான்:

"கூப்பிட்டீக. தெரியாம கூப்பிட்டீக, சரி. ஏம்மா பாதியில நிப்பாட்டுனீக? மலையேத்துற அடி அடிச்சிருந்தா அந்தா அங்கனயே உக்காந்திருப்பாளே."

அந்த அடி அவளுக்குத் தெரியாது. அதை அவன் வாசித்தபோது அவள் இலையின் முன் உட்கார்ந்திருந்தாள்.

சித்திரை பிறந்ததும் வைகுண்டராஜ் அறை வாசலில் வந்து நின்றார். கையில் மஞ்சள் நோட்டீசு. அவள் பெயர்தான் எல்லாவற்றுக்கும் மேலே, பெரிய எழுத்தில்: 'சாமி இறக்கும் மிருதங்கம், செல்வி ஞானபாக்கியம்.'

"கம்பம் பக்கம் மூணு ஊருல உன்னைத்தான் கேக்காக. விடியுறப்ப அந்த அடியை ஒரு தடவை அடிச்சிட்டாப் போதும்."

"அது இல்லாம வாசிச்சா கூப்பிடுவாகளா, அண்ணாச்சி?"

வைகுண்டராஜ் செருப்பைப் பார்த்தார். "கூப்பிட மாட்டாக. உங்கிட்டப் பொய் சொல்லி என்ன ஆகப்போகுது."

மறுநாள் அவள் மலையடிவாரத்து ஊருக்குப் போனாள். கருத்தக்கண்ணன் மாட்டுக்குச் சோளத்தட்டை நறுக்கிக்கொண்டிருந்தான். அவள் சுற்றி வளைக்காமல் கேட்டாள், மலையேற்றுகிற அடியைச் சொல்லித் தர முடியுமா என்று.

அவன் அரிவாளைக் கீழே வைத்தான். "தெரிஞ்சுக்கிட்டா, அந்தக் கூப்பிடுற அடியை மறுபடி அடிப்பீகளா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை. அவ்வளவு நல்ல அடி அது. இரண்டு வாரமாகத் தூக்கத்திலும் விரல்கள் அதைத்தான் தட்டிக்கொண்டிருந்தன.

"போயிருங்க தாயி" என்றான் அவன், கோபமில்லாமல்.

வைகுண்டராஜ் ஏற்கெனவே முன்பணம் வாங்கியிருந்த கம்பம் பக்கத்து ஊரில் மேடையைச் சுற்றி நிற்க இடமில்லை. நடுச்சாமம் தாண்டியதுமே "சாமி, சாமி" என்று கத்த ஆரம்பித்துவிட்டார்கள். ஞானபாக்கியம் பாட்டுக்கு வேண்டியதை மட்டும் சுத்தமாக வாசித்தாள். கத்தல் ஏச்சானது. பிறகு ஒரு தேங்காய்ச் சிரட்டை வந்து அவள் நெற்றியில் பட்டது. ரத்தம் புருவத்தில் இறங்கியபோதும் வலக்கை தாளம் தப்பவில்லை. சின்னச்சாமி கேலியை விட்டுவிட்டு அவளுக்கு முன்னால் மறைத்து நின்று ஆடினான்.

"ரெண்டே நிமிசம், பாக்கியம்" என்று திரைக்குப் பின்னாலிருந்து கெஞ்சினார் வைகுண்டராஜ். "ஒரு சாமியும் வராது. இது வேற ஊரு."

"வந்துட்டா அனுப்ப எனக்குத் தெரியாது, அண்ணாச்சி."

மற்ற இரண்டு ஊர்களும் நாடகம் பேசி வைத்த பாக்கையும் முன்பணத்தையும் திருப்பி வாங்கிக்கொண்டன. சுருளியாண்டி எழுந்து நடமாடத் தொடங்கினார். ஞானபாக்கியம் போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தாள். கூட இருந்த பெண்கள் பாட்டுப் பாடிக்கொண்டே காய் பொறுக்குவார்கள். அவள் பாடுவதில்லை. முறத்தின் விளிம்பில் விரல் தட்டிவிடாமல் பார்த்துக்கொண்டு, குனிந்து காய் பொறுக்குவாள்.