இந்தக் கட்டுரையில் பூங்காவின் பெயர் இருக்காது

சென்ற மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை எனக்கு ஓய்வு நாள். அன்றைக்கு நூறை முடித்தே தீருவது என்று கிளம்பினேன்.

எது நூறு என்று சொல்லிவிடுகிறேன். என் கைப்பேசியில் ஒரு செயலி இருக்கிறது. பூங்காவில் கண்ணில் படும் பறவையையோ பூச்சியையோ படம் எடுத்துப் போட்டால் அதன் பெயரைச் சொல்லும். பார்த்த இடத்தை வரைபடத்தில் சிவப்புப் புள்ளியாக வைக்கும். பறவையாக இருந்தால் அதன் குரலையும் போட்டுக் காட்டும். நூறு உயிரினங்களைப் பதிவு செய்தால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சை இலை. சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தின் சரக்கு முனையத்தில் என்னோடு வேலை பார்க்கும் செல்வம் அண்ணன் அந்த இலையை வாங்கிய அன்று கேன்டீனில் எல்லோருக்கும் சூடாகக் கறிபாப் பலகாரம் வாங்கிக் கொடுத்தார். கொடுத்ததோடு விட்டாரா? மூன்று வாரம் அதே பேச்சு. நான் அப்போது தொண்ணூற்றாறில் நின்றேன். எனக்கு வீம்பு கொஞ்சம் அதிகம்.

ஆங் மோ கியோ வீட்டிலிருந்து முதலில் லிட்டில் இந்தியா. காலை 7.10-க்குத் தேக்கா சந்தையில் ஒரு மசாலா தோசையும் நுரை பொங்கும் தே தாரிக் டீயும், ஐந்து வெள்ளி 20 காசு. வெறும் வயிற்றில் காட்டுக்குள் போகாதீர்கள், பத்து மணிக்கே தலை சுற்றும். சிராங்கூன் சாலையிலும் செயலி வேலை செய்கிறது. ஆனால் மைனா, புறா, காகம் மூன்றையும் நான் முதல் நாளே முடித்துவிட்டேன்.

அங்கிருந்து ரயில், பிறகு பேருந்து. மொத்தம் 46 நிமிடம், ஒரு வெள்ளி 89 காசு. வழக்கமாக எல்லாவற்றையும் துல்லியமாக எழுதுகிறவள் நான், உங்களுக்கே தெரியும். இந்த முறை மட்டும் இந்த இரண்டு எண்களையும் வேண்டுமென்றே கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். ஏன் என்பது கீழே வரும்.

பூங்கா வாசலில் 8.25. நுழைவுக் கட்டணம் கிடையாது. சுற்றுப்பாதை 3.2 கிலோமீட்டர், முதல் பாதி நிழல், இரண்டாம் பாதி நல்ல வெயில். ஒன்பது மணிக்குள் ஒரு தேன்சிட்டு, தொண்ணூற்றேழு. ஒரு மரத்துக்கும் இன்னொரு மரத்துக்கும் நடுவில் ஒரு பறக்கும் ஓணான், தொண்ணூற்றெட்டு. குளத்தோரம் சிவப்புத் தட்டான், தொண்ணூற்றொன்பது. பிறகு ஒன்றரை மணி நேரம் ஒன்றுமே இல்லை. தண்ணீர் தீர்ந்தது, கொசுவுக்குக் கணக்கே இல்லை. திரும்பிப் போகிற எண்ணம் மட்டும் வரவில்லை.

ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். அதன் கீழே ஓர் ஊழியர் விளக்குமாற்றால் இலை கூட்டிக்கொண்டிருந்தார். இலை ஊதும் இயந்திரம் தள்ளி ஓரமாகக் கிடந்தது. பழுதாகிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தேன். கிளையில் தொற்றி வளர்ந்திருந்த பெரிய பெரணிச் செடிக்குள் ஓர் ஆந்தை. அதை ஒட்டி இரண்டு வெள்ளைப் பஞ்சு உருண்டைகள்.

ஆந்தை கண்ணை மூடியிருந்தது. படம் சரியாக வரவில்லை. செயலியில் அதன் குரலைத் தேடி ஒரு தடவை போட்டேன். சட்டென்று கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. எடுத்தேன், பதிவேற்றினேன். நூறு! பச்சை இலை வந்தது. அங்கேயே நின்று வேலையிட வாட்ஸ்அப் குழுவுக்கு வரைபடத்தோடு அனுப்பினேன். “வெற்றி” என்று வேறு எழுதினேன்.

வீட்டில் என் கணவர் படத்தைப் பார்த்துவிட்டு, “ஆந்தையா? அத ஏன் வீட்டுக்குள்ள கொண்டாற?” என்றார். சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனேன், குஞ்சுகளை இன்னொரு முறை பார்க்க. காலை 9.05. மரத்தடியில் பதினொரு பேர். நான்கு கேமரா முக்காலிகள். குறைந்தது மூன்று கைப்பேசிகளில் ஆந்தைக் குரல் மாறி மாறி ஒலித்தது. பெரணியில் தாய் இல்லை. எதிர்மரத்தில் உட்கார்ந்து, குரல் வரும் பக்கமெல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தது.

விளக்குமாற்று ஊழியர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். புதுக்கோட்டைக்காரர், பெயர் கருணா. “அக்கா, நீங்களும் அந்தச் சத்தத்தப் போட்டுறாதீங்க. வேற ஆந்த வந்துருச்சுன்னு நெனச்சு அது எந்திரிச்சுப் போயிருது. அது போனா காக்கா வந்துருது. குஞ்சு வந்ததுலேருந்து இந்த மரத்தடியில நான் மெஷினே போடறதில்ல, வெளக்கமாறுதான்.”

“நீங்க இவங்ககிட்ட சொல்லலாமே?”

“நான் சொன்னா யாருக்கா கேக்கறா? எல்லாரும் போன்ல புள்ளியப் பாத்துட்டு வராங்க.”

அந்தப் புள்ளி என்னுடையது. எனக்கு முகம் சூடாகிவிட்டது. வெட்கத்தில் நின்று என்ன ஆகப் போகிறது? ஒருவர் விடாமல் எல்லோரிடமும் பேசுவது என்று முடிவு செய்தேன்.

முதலில் ஒரு சீனப் பெண். கிளைக்கு வந்து உட்கார்ந்த காகத்தைக் காட்டினேன். உடனே ஒலியை நிறுத்தி, தன் பதிவையும் நீக்கினாள். ஒரு வயதான தம்பதி மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கிளம்பினார்கள். முக்காலிக்காரர் ஒருவர் என்னைப் பைத்தியம் என்றார். இருக்கட்டும் என்று காகத்தை மறுபடி காட்டினேன். ஒன்றரை மணி நேரத்தில் பத்துப் பேரும் கிளம்பிவிட்டார்கள். பதினொன்றாவது ஆள், மரத்துக்கு அந்தப் பக்கம் முக்காலியோடு நின்ற செல்வம் அண்ணன்.

“நீ வச்ச புள்ளியப் பாத்துதானே வந்தோம்? இப்ப எங்களப் போகச் சொன்னா எப்படி? ஆறு மணிலேருந்து நிக்கறேன். குஞ்சு ஒரு போட்டோ, அவ்ளோதான்லா.”

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் வலித்தது.

“அண்ணே, என் நூற நான் அழிக்கறேன். நீங்க அந்த போட்டோவ விடுங்க,” என்றேன். அவர் கண்ணெதிரே பதிவைத் திறந்து நீக்கினேன். ‘நிச்சயமா?’ என்று செயலி கேட்டது. ஆம் என்று அழுத்தினேன். புள்ளி போனது, பச்சை இலையும் போனது. குழுவில் போட்ட செய்தியையும் எடுத்தேன்.

செல்வம் அண்ணன் கேமராவை அணைத்தார். பிறகு முக்காலியை மடக்கினார். “உன்னோட பெரிய தொல்லைலா,” என்றார். இருவரும் தள்ளிப்போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தோம். 11.40-க்குத் தாய் பெரணிக்குத் திரும்பியது. அதற்குள் காகம் இரண்டு முறை வந்து போயிருந்தது.

பத்து நாள் கழித்து ஒரு மாலை, கைப்பேசியைப் பையிலேயே வைத்துக்கொண்டு போனேன். கிளையில் தாய், பக்கத்தில் ஒரு குஞ்சு, இப்போது பாதி சாம்பல் நிறம்.

“இன்னொன்னு எங்க, கருணா?”

“தெரியலக்கா. நாலு நாளா காணோம்.”

அது பறந்துவிட்டது என்று எழுத ஆசையாக இருக்கிறது. எனக்குத் தெரியாது. அந்த ஒரு தடவை நான் போட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது.

செயலியை வேண்டாம் என்று சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் எனக்குத் தட்டானுக்கும் ஊசித்தட்டானுக்கும் வித்தியாசம்கூடத் தெரிந்திருக்காது. தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் பதிவேற்றும் பக்கத்தின் கடைசி வரியில் ‘இடம்: அனைவருக்கும்’ என்று இருக்கும். கூடு, குஞ்சு என்றால் அதை ‘மறைத்து’ என்று மாற்றுங்கள், பத்து விநாடி வேலை. பறவைக் குரலை வீட்டில் கேளுங்கள், மரத்தடியில் வேண்டாம். ஒன்றரை லிட்டர் தண்ணீர், கொசு மருந்து, ஒரு பவர் பேங்க். காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள். எந்தப் பூங்கா என்று மட்டும் கேட்காதீர்கள். ஆந்தை அடுத்த வருடமும் அதே மரத்துக்கு வரலாம்.

நான் இன்னும் தொண்ணூற்றொன்பதில்தான் இருக்கிறேன். போன வாரம் கேன்டீனில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் வந்து, “அண்ணே, எங்கேயோ குஞ்சோட ஆந்தை இருக்காமே, நீங்க போய்ப் பாத்தீங்களாமே?” என்றார்.

செல்வம் அண்ணன் கறிபாப்பிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

“எந்த ஆந்தை?”