வளைய மறுத்த காரும் இரண்டு ரப்பர் கட்டைகளும்

என் காரைப் பார்த்து "இதை வெச்சு டெல்லியில என்ன பண்ணுவீங்க?" என்று கேட்காத ஆள் ஜனக்புரியில் இல்லை. இரண்டே இருக்கை, தரையை ஒட்டிய உடம்பு, செகண்ட் ஹாண்ட். வங்கியில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு இது எதற்கு என்பதுதான் கேள்வி. ஓட்டத்தான், வேறெதற்கு? 2007 நவம்பரில், மானேசரைத் தாண்டி ஒரு தனியார் கார் பந்தயத் தடத்தில் பயிற்சி நாள் என்று தெரிந்ததும் பெயர் கொடுத்துவிட்டேன்.

ஞாயிறு காலை ஆறரைக்குக் கிளம்பினோம். "எதுவும் ஆச்சுன்னா போன் பண்ண ஒரு ஆள் வேணும்லா" என்று என் திருநெல்வேலிக் கணவரும் ஏறிக்கொண்டார். 48 கிலோமீட்டர், பனிமூட்டத்தில் ஒன்றரை மணி நேரம் பிடித்தது. வழியில் சாலையோரத் தாபாவில் ஆலு பராத்தா சாப்பிட்டோம். ஹெல்மெட் வாடகையோடு கட்டணம் ஆயிரத்து இருநூறு ரூபாய்.

தடத்தில் ஒரே கறாரான விதி: மூன்று முறை தடத்தை விட்டு இறங்கினால் அன்றைக்கு அவ்வளவுதான். நான் முதல் அரைமணியிலேயே இரண்டு முறை இறங்கிவிட்டேன், இரண்டும் ஒரே வலது வளைவில். ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் காரின் முன்பக்கம் காதிலேயே வாங்காமல் நேராகப் புல்லுக்குப் போனது. தடத்தின் பொறுப்பாளர் சிரித்துக்கொண்டே வந்தார். "காடி டீக் ஹை, மேடம். ஹாத் டீக் நஹீன்." காரில் கோளாறில்லை, கையில்தான் என்கிறார். இன்னொரு தடவை இறங்கினால் அங்கே நிழலில் உட்கார்ந்து சாய் குடிக்கலாம் என்றும் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஜாக்கி போட்டு முன்சக்கரத்தைக் கழற்றினேன். ஸ்பிரிங் சுருள்களுக்கு நடுவே கறுப்பாக ஒரு ரப்பர் கட்டை. மறுபக்கமும் ஒன்று. டெல்லிக் காலனிகளில் வேகத்தடையின் உயரம் குடியிருப்போர் சங்கச் செயலாளரின் கோபத்தைப் பொறுத்தது. அதில் காரின் மூக்கு இடிக்காமலிருக்க, கரோல் பாக் பக்கம் உதிரிபாகக் கடைகளுக்குப் போய் முன் ஸ்பிரிங்கில் ரப்பர் திணித்துக்கொள்வது இங்கே வழக்கம். முந்தைய ஓனர் ஸ்போர்ட்ஸ் காருக்கே அதைச் செய்திருக்கிறார்! முன்பக்கம் கட்டைபோல விறைத்துப் போனால் டயர் எப்படித் தரையைப் பிடிக்கும்?

"இதக் கழத்துனா நம்ம காலனி ஸ்பீட் பிரேக்கர்ல கார் வயிறு இடிக்கும்லா?" என்றார் கணவர்.

"இடிக்கட்டும்."

"சொன்னா கேக்க மாட்டக்கியே."

நெம்புகோலால் இரண்டையும் பிடுங்கி டிக்கியில் போட்டேன். மற்றதைத் தொடவில்லை. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். இல்லாவிட்டால் எதனால் சரியானது என்றே தெரியாது.

சக்கரங்களை மாட்டிக்கொண்டு மறுபடி தடத்துக்குப் போனேன். அந்த வலது வளைவு வந்தது. பயம்தான். பிரேக் பிடித்து, விட்டு, திருப்பினேன். மூக்கு திரும்பியது. புல் இடது பக்கம் அப்படியே தங்கிவிட்டது. மதியத்தில் முன் ஷாக் அப்சார்பரை இரண்டு படி இளக்கியதும் இன்னும் வசத்துக்கு வந்தது. மாலைவரை ஓட்டினேன், ஒரு முறைகூட இறங்கவில்லை.

பொறுப்பாளர் என்னைத் தாண்டிக் கணவரிடம் போனார். செட்டிங் பிரமாதம், நீங்களா செய்தீர்கள் என்று இந்தியில் கேட்டார்.

"எனக்கு ஸ்டெப்னி மாத்தவே தெரியாது, பாய் சாப்," என்று அவரும் இந்தியிலேயே சொன்னார். "அவகிட்டயே கேளுங்க." அந்த மனிதர் கேட்கவில்லை. நான் ஜாக்கியை எடுத்து டிக்கியில் வைத்தேன்.

போகிறவர்களுக்கு: ஜாக்கியும் காரைத் தாங்கும் ஸ்டாண்டும் கையோடு கொண்டு போங்கள். பழைய கார் என்றால் முன் ஸ்பிரிங்கை முதலில் பாருங்கள். சோதனையெல்லாம் தடத்தில் மட்டும், ரிங் ரோட்டில் வேண்டாம்.

எங்கள் தெரு வேகத்தடையில், கணவரை இறக்கிவிட்டுக் குறுக்காக ஏற்றியும், மூக்கு உரசத்தான் செய்தது. எதிர்வீட்டுக்காரர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, பழையபடி ரப்பர் போட்டுவிடுங்கள் என்றார். ஒரு ரப்பர் இப்போது எங்கள் பால்கனிக் கதவுக்கு முட்டு. இன்னொன்றை அவருக்கே கொடுத்துவிட்டேன்.