மழை பெய்தால் அச்சேறும் நாவல்

நிலவில் மனிதர்கள் குடியேறும் என் முதல் நாவலைச் சென்னைப் பதிப்பாளர் ஒருவர் திருப்பி அனுப்பினார். நீங்கள் பள்ளி ஆசிரியை, குடும்பக் கதை எழுதலாமே என்று கூடவே ஒரு கடிதம். வந்த கோபத்தில் நானே பதிப்பாளர் ஆகிவிட்டேன். அதற்குள் ரஷ்யாக்காரர்கள் ஒரு நாயை விண்வெளிக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்தது மனிதன்தான். அவன் போவதற்குள் என் புத்தகம் வந்தாக வேண்டும். பிறகு வந்தால் பழைய செய்தி என்பார்கள்.

பள்ளிக்கூடம் விருதுநகரில், அச்சகம் சிவகாசியில். அந்த அச்சகத்தில் இருந்தது ஒரே மிஷின். அதையும் பட்டாசு லேபிளுக்கு நேர்ந்து விட்டிருந்தார்கள்.

"சீசன் நேரம், டீச்சர். மழை பெஞ்சா லேபிள் மை காயாது, மிஷின் சும்மா கெடக்கும். அன்னைக்கு ஒங்க கதைய ஓட்டித் தாரேன்" என்றார் முதலாளி. புத்தகத் தாள் மையைக் குடித்துக்கொள்ளும், அதற்கு வெயில் தேவையில்லை.

மழையா, இந்தச் சீமையிலா? கரும்பலகையில் கணக்குப் போடும்போதும் கண் ஜன்னலுக்கு ஓடும். சர்ச்சில் எதற்கோ ஜெபிக்கச் சொன்னால் மழைக்கு ஜெபிப்பேன். ஒரு மழைக்கு எட்டுப் பக்கம். நடுவில் வெயில் அடித்தால் என் பக்கத்தை இறக்கிவிட்டு லேபிளை ஏற்றிவிடுவார்கள். அந்த எரிச்சலில் வீட்டில் யாருக்கும் முகம் கொடுத்துப் பேசமாட்டேன்.

தீபாவளி நெருங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் லீவு போட்டு அச்சகத்திலேயே கிடந்தேன். கடைசி எட்டுப் பக்கம்தான் பாக்கி. திரும்பும் பஸ்ஸில், "இன்னும் ஒருநாள் பெஞ்சாப் போதும்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

பக்கத்தில் இருந்தவள் தாயில்பட்டிப் பட்டாசு கம்பெனியில் வேலை பார்ப்பவள். "என்னக்கா இப்படிச் சொல்லுதீக? மூணு நாளா வெடி காயல. வேலை இல்லைன்னு அனுப்பிட்டாக."

எனக்கு வெட்கமாகப் போயிற்று. மடியிலிருந்த அச்சுத் தாள்களைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன்.

"நெலாவுல மழை பெய்யுமாக்கா?"

"பெய்யாது. அங்கன மேகமே கிடையாது."

"அப்பம் வருசம் பூராவும் வேலை இருக்கும்ல! எங்க ஆளுக யாரு போயிருக்காக, கதையில?"

யாரும் போகவில்லை. விஞ்ஞானிகள், டாக்டர்கள், ஒரு ராணுவ அதிகாரி. சமைக்கவும் துவைக்கவும்கூட எந்திரம் வைத்திருந்தேன்.

"அடுத்த கதையில போவாக" என்றேன்.

மறுநாளும் மழை கொட்டியது. கடைசிப் பக்கங்களும் ஓடி முடிந்தன. மனிதன் போவதற்கு முன்பே புத்தகம் வந்துவிட்டது. முதல் பிரதியை வாங்கியபோது சந்தோஷத்தில் அவள் நினைப்பே எனக்கு வரவில்லை. அடுத்த கதை என்று வாக்குக் கொடுத்தவள் நான். அவளை நிலவுக்கு அனுப்பியது என் நான்காவது புத்தகத்தில்தான்.