தெலுங்கு பேசிய காவல்காரன்

ஓசூரில் வேலை பார்த்தபோது, ஞாயிறு மதியம் எங்கள் லேடீஸ் ஹாஸ்டலில் கதை விளையாட்டு நடக்கும். கூட வேலை செய்த தேன்கனிக்கோட்டை அக்காதான் நடத்துவார். அவர் கதை சொல்ல, நாங்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவோம். ஜெயிப்பதும் தோற்பதும் தாயக்கட்டையின் கையில்.

ஆந்திராவிலிருந்து புதிதாக வந்த பெண்ணுக்குத் தமிழ் சரியாக வராது. இரண்டு வாரம் வாயே திறக்கவில்லை. மூன்றாவது வாரம், கதையில் ஒரு கோட்டை வாசல் வந்தது. காவல்காரனாக அக்கா தெலுங்கில் மட்டும் பேசினார். நாங்கள் எவ்வளவு கெஞ்சியும் கதவு திறக்கவில்லை.

"நீ பேசு புள்ள," என்று அந்த ஆந்திராப் பெண்ணின் தோளைத் தட்டினேன்.

தயங்கித் தயங்கித் தெலுங்கில் ஆரம்பித்தவள், கடைசியில் காவல்காரனைத் திட்டியே தீர்த்துவிட்டாள். அக்கா சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தார். அவளைப் பேச வைப்பதற்காகவே, வாரம் முழுக்க டீ பிரேக்கில் அவர் காவல்காரனின் தெலுங்கு வசனங்களை நோட்டில் எழுதியதை நான் பார்த்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு அந்தப் பெண்தான் முதல் ஆளாக வந்து, "அக்கா, ஆரம்பிக்கலாமா?" என்று தமிழில் கேட்டாள்.