அக்காவுக்கு எடுத்த பட்டுச்சேலை

எனக்கு ஜாக்கெட் தைத்துத் தருகிறவள் இலங்கை அகதிகள் முகாமில் இருக்கிறாள். பாப்பிரெட்டிப்பட்டி பஸ்ஸில் போய் இறங்கிக் கொஞ்சம் நடக்க வேண்டும். சின்னப் பிள்ளையாக வந்தவளுக்கு இப்போது காதோரம் நரை. வவுனியாப் பக்கம் ஒரு அக்கா மட்டும் மிச்சம். அந்த அக்கா முட்டையைப் பொரிக்கவைக்கும் மெஷின் போட்டுக் கோழிக்குஞ்சு விற்றுவந்தாள். தொழில் நிமிர்ந்ததும் நீயும் வந்துவிடு, சேர்ந்து பார்க்கலாம் என்று அவள் சொன்ன வார்த்தையைத்தான் இவள் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அங்கே அரசாங்கத்தின் கையில் காசு வற்றிய வருஷம் கரண்ட் நின்று நின்று வந்தது. மெஷினுக்குள் இருந்த முட்டையெல்லாம் கூமுட்டை ஆனது. அப்புறம் சர்வதேச நாணய நிதியம் கடன் கொடுத்தது. கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறவள் அல்லவா நான், ஓடிப்போய் இனி உங்கள் நாடு எழுந்துவிடும் என்றேன். அப்படியே நடக்கவும் நடந்தது. பெட்ரோல் வரிசை போனது, விளக்கு அணையவில்லை. இவள் தருமபுரிக்குப் போய் அக்காவுக்கு ஒரு பட்டுச்சேலை எடுத்தாள், பெட்டி கட்டினாள்.

கடன் சும்மா வருமா? கண்டிஷனோடு வந்தது. அதில் ஒன்று, கரண்ட்டை அடக்க விலைக்குக் கீழே விற்கக் கூடாது என்பது. நஷ்டத்துக்கு விற்று எந்த நாடு பிழைக்கும் என்று வகுப்பில் கேட்பேன். இப்போதும் கேட்பேன். ஆனால் ஏறிய பில் அக்கா வீட்டுக்கல்லவா வந்தது! கரண்ட் நிற்காமல் வர, மெஷினை அவளே நிறுத்திவிட்டாள்.

இங்கே நம் பெண்கள் அடைவைப்பதை இவள் போனில் சொல்லிக்கொடுத்தாள். கூடையில் மணல், மேலே முட்டை, இடிக்குக் கெடாமலிருக்க ஒரு கரித்துண்டும் ஓர் இரும்பாணியும். அக்காவும் கோழியை உட்காரவைத்தாள், குஞ்சும் பொரித்தது. வீடியோவில் பார்க்க அழகுதான், எனக்குத்தான் எரிச்சல். நாலு கோழி அடைகாத்து எத்தனை வயிறு நிறையும்? அக்காவே சொல்லிவிட்டாள், இது என் ஒருத்திக்கே காணாது, இப்போது வராதே என்று.

இவள் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நாடு எந்திரிச்சிரும்னீங்களே டீச்சர், பொய்யாங்க?"

"பொய்யில்லம்மா. நாடு எந்திரிச்சிருச்சு. உங்கக்கா இன்னும் எந்திரிக்கல."

அவள் பெட்டியைத் திறந்து அந்தச் சேலையை என் மடியில் வைத்தாள். "மடிச்சே வச்சா பட்டு இத்துப்போயிருங்க. கடனாத் தர்றேன், கட்டிக்கங்க. ஒரே கண்டிஷன், நான் ஊருக்குப் போற அன்னைக்குத் திருப்பிக் கொடுத்திரணும்." சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன வெள்ளிக்கிழமை அதைக் கட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். புதுசா மேடம் என்று ஒரு மாணவி கேட்டாள். கடன் வாங்கியது என்றேன். சாமி, சீக்கிரம் திருப்பிக் கேட்கவை என்று வேண்டிக்கொண்டே பாடத்தைத் தொடங்கினேன்.